*வெர்தன: உடுக்குறி இட்ட ஒரு வினைச்சொல்

ஜெர்மன் மொழியைக் கற்கத் தொடங்கிய முதல் ஆண்டில் என்னை மிகவும் அலைக்கழித்த சொல் ‘வேர்டன்’. ‘ஆதல்’ என்பது அதன் பொருள் என்று முதலில் கற்பித்தார்கள். ‘அவள் மருத்துவர் ஆகிறாள்’ என்னும் வாக்கியத்துக்கு அது சரியாகப் பொருந்தியது. சில பாடங்கள் கழித்து அதே சொல் எதிர்காலம் காட்டும் துணைவினையாக வந்து நின்றது. மேலும் சில வாரங்களில் ‘வீடு கட்டப்படுகிறது’ என்பதில் நம்முடைய ‘படு’ செய்யும் வேலையையும் அதுவே செய்தது. குறிப்பேட்டில் மூன்று பக்கங்களில் மூன்று தனிச்சொற்களாக அதை எழுதி வைத்துக்கொண்டேன். அதன் படர்க்கை வடிவமான ‘விர்ட்’ என்பதை ஆங்கிலத்தின் ‘வில்’ என்பதோடு குழப்பிக்கொண்டு, ‘நான் போவேன்’ என்று எழுத வேண்டிய இடங்களில் எல்லாம் ‘நான் போக விரும்புகிறேன்’ என்று பொருள்படும்படி எழுதி, ஒரு தேர்வுத்தாள் முழுவதும் சிவப்பு மை வாங்கினேன். ஜெர்மனில் ‘வில்’ என்றால் விருப்பம். எதிர்காலம் காட்டுவது ‘விர்ட்’.

அந்த எரிச்சலில் சொற்பிறப்பு அகராதியைத் திறந்தபோதுதான் இந்த மூன்றும் ஒரே சொல் என்பதும், அந்தச் சொல்லுக்குப் பின்னால் *வெர்தன என்னும் தொல்வடிவம் ஒன்று இருப்பதும் தெரியவந்தது. அன்று பிடித்த பித்து இன்னும் தெளியவில்லை. ஆகவே இந்தப் பதிவு முழுவதும் அந்த ஒரு வினைச்சொல்லைப் பற்றியதே.

சொல்லின் தலையில் நிற்கும் உடுக்குறியை (*) முதலில் விளக்கிவிட வேண்டும். ஜெர்மன், ஆங்கிலம், டச்சு, ஐஸ்லாந்திக், ஸ்வீடிஷ், என்றோ வழக்கொழிந்த கோதிக் ஆகிய எல்லாவற்றுக்கும் தாயான மொழியை முதல் ஜெர்மானியம் என்று அழைக்கிறோம். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய சில நூற்றாண்டுகளில் ஸ்காண்டிநேவியாவின் தென்பகுதியிலும் இன்றைய ஜெர்மனியின் வடபகுதியிலும் அது பேசப்பட்டது. அம்மொழியில் எழுதிய நூல் எதுவும் இல்லை. மகள் மொழிகளின் வடிவங்களை அருகருகே வைத்து ஒப்பிட்டு, எந்த ஒரு மூலவடிவத்திலிருந்து இவை அனைத்தும் ஒழுங்கான ஒலிமாற்றங்களால் பிறந்திருக்க முடியும் என்று கணித்துப் பெறுவதே மீட்டுருவாக்கம். அப்படிக் கணித்துப் பெற்ற வடிவம், ஏட்டிலோ கல்லிலோ கண்ட வடிவம் அன்று என்பதை நேர்மையாக அறிவிக்கவே உடுக்குறி இடப்படுகிறது.

இது வெறும் ஊகம் என்று தள்ளுவோருக்குப் பின்லாந்து மொழி ஒரு நல்ல விடை தருகிறது. ‘அரசன்’ என்பதற்கு முதல் ஜெர்மானியத்தில் *குனிங்கஸ் என்னும் வடிவத்தை அறிஞர்கள் மீட்டுருவாக்கம் செய்திருக்கிறார்கள். ஜெர்மானிய மொழிகளில் அந்தச் சொல்லின் ஈறு தேய்ந்தும் மறைந்தும் போய்விட்டது. ஆனால் ஜெர்மானியக் குடும்பத்தைச் சேராத பின்லாந்து மொழி, பழங்காலத்தில் கடன் வாங்கிய சொல்லை ‘குனிங்கஸ்’ என்று இன்றும் ஈறு குலையாமல் வைத்திருக்கிறது. கடன் கொடுத்தவர் தொலைத்ததைக் கடன் வாங்கியவர் பத்திரமாக வைத்திருக்கும் இத்தகைய சான்றுகள் உடுக்குறியின் மீது நம்பிக்கை தருகின்றன.

இங்கே நான் கையாளும் எழுத்துமுறையைப் பற்றி ஒரு சொல். இந்தப் பதிவில் ஜெர்மானியச் சொற்களில் ‘த’ என்று எழுதுவதை, ‘மூன்று’ என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் நாக்கு பல்லைத் தொட்டும் தொடாமலும் காற்று உரசி வெளிவரும் ஒலியாகக் கொள்ளவும். ‘ட’ என்பதை அதற்கு இணையான, குரல்வளை அதிரப் பிறக்கும் குரலொலியாகக் கொள்ளவும். *வெர்தன என்பதன் இறுதி அகரம் மூக்கொலி பெற்றது. இந்த இரண்டு எழுத்துகளின் வேறுபாட்டில்தான் கதையின் உயிர்நிலை இருக்கிறது.

முதல் ஜெர்மானியத்தின் வினைகளில் ஒரு பெரும்பிரிவு, காலத்தைக் காட்ட இடைநிலை எதையும் சேர்ப்பதில்லை. வேரின் உயிரையே மாற்றுகிறது. கேடு, பேறு, பாடு போன்ற முதனிலை திரிந்த தொழிற்பெயர்களில் நாம் செய்வதைப் போன்ற ஒன்றை அவர்கள் இறந்தகாலத்துக்குச் செய்தார்கள் என்று சொல்லலாம். நம்முடையது குறில் நெடிலாகும் மாற்றம். அவர்களுடையதோ எகரம் அகரமாகவும், சில வடிவங்களில் உயிர் முற்றிலும் மறைந்தும் போகும் மாற்றம். *வெர்தன அந்தப் பிரிவின் மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தது. நிகழ்காலத்தில் ‘ஆகிறேன்’ என்பது *வெர்தோ. ‘ஆகிறது’ என்பது *விர்திடி. ‘ஆகின்றன’ என்பது *வெர்தன்டி. அடுத்த அசையில் இகரம் இருந்தால் வேரின் எகரமும் இகரமாகிவிடும். ஜெர்மன் மாணவர்களை இன்றும் தடுமாற வைக்கும் ‘விர்ஸ்ட்’, ‘விர்ட்’ என்னும் முன்னிலை, படர்க்கை ஒருமை வடிவங்களின் இகரம் அந்தப் பழைய இகரத்தின் நிழலே. அந்த இகர ஈறுகள் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று.

இறந்தகாலத்தில் ‘ஆயிற்று’ என்பது *வர்த். ‘ஆயின’ என்பது *வுர்டுன். ‘ஆன’ என்னும் பெயரெச்சத்துக்கு ஈடான வடிவம் *வுர்டனஸ். உயிர் மறைந்துபோன வடிவங்களில் எஞ்சிய ரகர மெய்யைச் சொல்வதற்கு வசதியாக உகரம் ஒன்று நுழைந்திருக்கிறது. எனவே வெர், வர், வுர் என்னும் மாற்றத்தில் குழப்பம் எதுவும் இல்லை.

குழப்பம் மெய்யில் இருக்கிறது. நிகழ்காலத்திலும் இறந்தகால ஒருமையிலும் ‘த’ இருக்க, இறந்தகாலப் பன்மையிலும் பெயரெச்சத்திலும் மட்டும் ‘ட’ எங்கிருந்து வந்தது? பல பத்தாண்டுகள் அறிஞர்களைத் தூங்கவிடாத கேள்வி இது. கடைசியில் தூங்கப்போன ஒருவரே விடை கண்டார்.

யாக்கோப் கிரிம் 1822-இல் தம் ஜெர்மானிய இலக்கணத்தின் இரண்டாம் பதிப்பில் ஒலிப்பெயர்ச்சி விதியை வகுத்தார். டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க் அதன் பெரும்பகுதியை 1818-இலேயே கண்டிருந்தார். ஜெர்மானியத்தோடு ஒரே இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்த சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவற்றில் வல்லின ‘த்’ இருக்கும் இடத்தில் ஜெர்மானியத்தில் உரசொலியான ‘த’ வரும் என்பது அந்த விதியின் ஒரு கூறு. சமஸ்கிருதத்தின் ‘ப்ராதர்’ கோதிக்கில் ‘ப்ரோதர்’ ஆவது விதிப்படி சரி. ஆனால் ‘பிதர்’ என்பது மட்டும் ‘ஃபடர்’ ஆகிறது. அண்ணன் தம்பிக்கு ஒரு விதி, தந்தைக்கு வேறொரு விதியா? இத்தகைய விலக்குகளைக் கார்ல் லாட்னர் 1862-இல் தொகுத்து வெளியிட்டார். தொகுத்தாரே தவிர, காரணம் அவருக்கும் பிடிபடவில்லை.

கார்ல் வெர்னர் 1846-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் பிறந்தவர். உடல்நலம் சரியில்லாத ஒரு பிற்பகலில் சற்றே கண்ணயர எண்ணிய அவர், தூக்கம் வருவதற்குத் துணையாக ஃப்ரான்ஸ் பாப் எழுதிய ஒப்பிலக்கணத்தைக் கையில் எடுத்தார். தூக்கம் வரவழைக்க அதைவிடப் பொருத்தமான நூலை நானும் அறியேன். திறந்த பக்கத்தில் ‘பிதர்’, ‘ப்ராதர்’ என்னும் இரண்டு சொற்களும் எடுப்பாகத் தெரிந்தன. அவற்றின் மீது இட்டிருந்த எடுத்தலோசைக் குறிகளும், அதாவது எந்த அசையை உயர்த்திச் சொல்ல வேண்டும் என்று காட்டும் குறிகளும், தெரிந்தன. ‘பிதர்’ என்பதில் எடுத்தல் இரண்டாம் அசையில் இருக்கிறது. ‘ப்ராதர்’ என்பதில் முதல் அசையில் இருக்கிறது. ஜெர்மானியத்தின் ‘ட’, ‘த’ வேறுபாட்டுக்குக் காரணம் இதுவாகவே இருக்கக்கூடுமோ என்று எண்ணியவருக்கு அன்று தூக்கம் வந்திராது. 1875-இல் அவர் எழுதிய கட்டுரை 1877-ஆம் ஆண்டுத் தொகுதியில் அச்சானது. சொல்லின் நடுவில் வரும் உரசொலிக்கு முந்தைய அசையில் எடுத்தல் இருந்தால் உரசொலி அப்படியே நிற்கும். இல்லாவிட்டால் அது குரலொலியாக மாறும். வெர்னர் விதி என்று நாம் படிப்பது இதுதான்.

நம் வினைச்சொல்லில் இந்த விதி எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதைக் காணும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. ஜெர்மானிய *வர்த் என்பதற்கு வேதமொழியில், அதாவது வேதங்களின் பழைய சமஸ்கிருதத்தில், ஈடானது ‘வவர்த’. அங்கே எடுத்தல் வேரின் மீது, அதாவது ‘வர்’ என்னும் அசையின் மீது விழுகிறது. *வுர்டுன் போன்ற பன்மை வடிவத்துக்கு அங்கே ஈடாக நிற்பது ‘வவ்ருதிம’. அங்கே எடுத்தல் வேரை விட்டு நகர்ந்து ஈற்றசைக்குப் போய்விடுகிறது. வேரில் எடுத்தல் இருக்கும் இடத்தில் ஜெர்மானியத்தில் ‘த’. வேரை விட்டு எடுத்தல் அகன்ற இடத்தில் ‘ட’. உயிர் மறைவதும் எடுத்தல் அகன்ற அந்த இடத்தில்தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், உயிரும் மெய்யும் ஒரே காரணத்தால் இரண்டு விதமாகப் பாதிக்கப்பட்டிருப்பது விளங்கும்.

பின்னர் முதல் ஜெர்மானியம் தன் எடுத்தலை எல்லாச் சொற்களிலும் முதல் அசைக்கு நகர்த்திவிட்டது. மாற்றத்தை உண்டாக்கிய காரணம் மறைந்துபோக, விளைவு மட்டும் நின்றுவிட்டது. தமிழ் பேசுவோருக்கு இதை விளக்குவது எளிது. நாம் ‘பத்து’ என்பதில் தகரத்தை வன்மையாகவும், ‘அது’ என்பதில் மென்மையாகவும் ஒலிக்கிறோம். இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. இடம் ஒலியைத் தீர்மானிக்கிறது. நாம் அதைக் கவனிப்பதுகூட இல்லை. ஒருநாள் தமிழில் இரட்டித்த மெய்கள் எல்லாம் ஒற்றையாகத் தேய்ந்துபோய், பத்து என்பதன் வன்மையும் அது என்பதன் மென்மையும் மட்டும் அப்படியே எஞ்சின என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பிறக்கும் குழந்தைக்கு இவை இரண்டும் வெவ்வேறு எழுத்துகளாகவே தோன்றும். ஜெர்மானியத்தில் நடந்தது ஏறத்தாழ அதுதான்.

மகள் மொழிகளில் இந்த வேறுபாடு எங்கே தங்கியது, எங்கே அழிந்தது என்பது தனிக்கதை. பழைய ஆங்கிலம் அதை அழகாகக் காத்தது: வெயொர்தன், வெயார்த், வுர்டொன், வொர்டென் என்னும் நான்கு வடிவங்களில் முதல் இரண்டில் ‘த’, பின்னிரண்டில் ‘ட’. பழைய உயர் ஜெர்மனில் மேலும் ஒரு ஒலிப்பெயர்ச்சி நிகழ்ந்ததால் ‘த’ என்பது ‘ட’ ஆகவும், ‘ட’ என்பது வன்மையான ‘ட்ட’ ஆகவும் ஒரு படி நகர்ந்தன. ஆனாலும் வெர்டன், வர்ட் என்பவற்றுக்கும் வுர்ட்டுன், கிவொர்ட்டன் என்பவற்றுக்கும் இடையிலான வேறுபாடு அப்படியே நின்றது.

வியப்பு என்னவென்றால், இவை எல்லாவற்றுக்கும் பல நூற்றாண்டுகள் முந்தைய கோதிக்கில் அது இல்லை. 4-ஆம் நூற்றாண்டில் ஆயர் வுல்ஃபிலா மொழிபெயர்த்த விவிலியமே அம்மொழியின் முதன்மைச் சான்று; ஊதா நிறத் தோலில் வெள்ளி மையால் எழுதிய அதன் புகழ்பெற்ற ஏடு இன்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் ‘அந்நாள்களில் நிகழ்ந்தது’ என்று வரும் இடத்தில் ‘யாஹ் வர்த் இன் யெய்னெய்ம் டகம்’ என்று நம் வினைச்சொல் நடுநாயகமாக நிற்கிறது. ஆனால் பன்மையிலும் கோதிக் ‘வொர்துன்’ என்றே சொல்கிறது; பெயரெச்சமும் ‘வொர்தன்ஸ்’. எல்லா வடிவங்களையும் ஒரே மெய்யால் சமன்செய்துவிட்டது. பழைய ஏடு என்றால் பழைய வடிவம் என்று எண்ணிவிடுவோர் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ஒப்பியலில் வயதுக்கு மரியாதை உண்டு, ஆனால் வயது சான்று ஆகாது.

கோதிக்கும் தன் தடயத்தை முழுவதும் அழித்துவிடவில்லை. ‘அழிந்துபோதல்’ என்பதற்கு அம்மொழியில் ‘ஃப்ரவெர்தன்’. ‘அழித்தல், கெடுத்தல்’ என்னும் பிறவினையோ ‘ஃப்ரவர்ட்யன்’. தன்வினையில் ‘த’, பிறவினையில் ‘ட’. பிறவினை விகுதியின் மீது தொல்காலத்தில் எடுத்தல் இருந்ததன் விளைவு இது. ஒரே வினையின் கால வடிவங்களைச் சமன்செய்த கோதியர், தன்வினையையும் பிறவினையையும் தனித்தனிச் சொற்களாகக் கருதியதால் அவற்றைத் தொடவில்லை. மத்தேயு 6:16-இல், நோன்பு இருக்கும் வெளிவேடக்காரர் தங்கள் முகங்களை வாடச்செய்கிறார்கள் என்னும் இடத்தில் ‘ஃப்ரவர்ட்யன்ட் அவுக் அன்ட்வெர்த்ய செயின’ என்று வருகிறது. ‘வாடச்செய்கிறார்கள்’ என்பதும் ‘முகம்’ என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. முகம் அங்கே ‘எதிரே திரும்பியிருப்பது’ என்னும் பொருளில் அன்ட்வெர்தி. முதற்சொல்லில் ‘ட’, அடுத்து வரும் பெயரில் ‘த’. வெர்னர் விதி முழுவதும் ஒரே வரியில் அடங்கியிருக்கிறது.

இன்றைய ஜெர்மனும் பின்னாளில் சமன்செய்துகொண்டது. வேர்டன், வுர்ட, கெவொர்டன் என்று எங்கும் ‘ட’ தான். இறந்தகால ஒருமையில் பழைய அகரமும் போய், பன்மையின் உகரம் ஒருமைக்கும் வந்துவிட்டது. லூத்தர் மொழிபெயர்ப்பில் ஆதியாகமத்தின் ‘ஒளி உண்டாகுக என்றார், ஒளி உண்டாயிற்று’ என்னும் இடத்தில் ‘எஸ் வேர்ட லிஷ்ட், உன்ட் எஸ் வார்ட் லிஷ்ட்’ என்று படிக்கும்போது மட்டும், அந்த ‘வார்ட்’ பழைய *வர்த் என்பதன் நேர்ப்பேரன் என்பது காதில் விழுகிறது. வெர்னர் விதியின் உயிருள்ள எச்சத்தை அன்றாடப் பேச்சில் தேடுவோர் ஆங்கிலத்துக்குப் போக வேண்டும். ‘இருத்தல்’ வினையின் இறந்தகால ஒருமை ‘வாஸ்’ என்றும் பன்மை ‘வேர்’ என்றும் வருவதற்கு அதே எடுத்தல் நகர்வுதான் காரணம். அங்கே ‘ஸ்’ குரலொலியாகி, பின் ரகரமாகத் தேய்ந்தது.

வடக்கே ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் நடந்தது வேறு. அங்கே வெர்த, வர்த், உர்து, ஒர்தின் என்று நான்கு வடிவங்கள்; சொல்லின் நடுவில் ‘த’, ‘ட’ இரண்டும் ஒரே மென்மையான உரசொலியில் கலந்துவிட்டன. நம்மைக் கவர வேண்டியது முதலெழுத்து. உகரமும் ஒகரமும் பின்வரும்போது மொழிமுதல் வகரம் அங்கே உதிர்ந்துவிடுகிறது. ‘உ ஊ ஒ ஓ என்னும் நான்கும் வகரத்தோடு மொழிக்கு முதலில் வாரா’ என்னும் தொல்காப்பிய விதியைப் பள்ளியில் படித்தவருக்கு இது பழகிய செய்தி போலவே இருக்கும். இதழைக் குவித்துச் சொல்லும் உயிருக்கு முன்னால் இதழால் பிறக்கும் வகரம் தேவையற்றுப் போவது இரண்டு மொழிகளிலும் தனித்தனியே நடந்திருக்கிறது. ஆங்கிலேயர் ‘வோடன்’ என்று வணங்கிய தெய்வம் வடக்கே ‘ஓடின்’ ஆனதும் இதே விதியால்தான்.

இனி பொருளுக்கு வருவோம். ஜெர்மானியத்துக்கும் முந்தைய இந்தோ-ஐரோப்பிய வேர் *வெர்த். அதன் பொருள் ‘திரும்புதல், சுழலுதல்’. லத்தீனில் ‘வெர்தெரே’ என்றால் திருப்புதல். ஸ்லாவியத்தில் ‘வெர்தேத்’ என்றால் சுழற்றுதல். ரஷ்ய மொழியில் காலத்தைக் குறிக்கும் ‘வ்ரேமிய’ என்னும் சொல்லும் இதே வேரில் பிறந்தது. வேல்ஸ் மொழியில் ‘க்வெர்திட்’ என்றால் நூல் நூற்கும் கதிர். சமஸ்கிருதத்தில் ‘வர்ததே’ என்றால் சுழல்கிறது, நிகழ்கிறது, இருக்கிறது.

திரும்புதல் எப்படி ஆதல் ஆகும் என்று தமிழருக்கு நெடிது விளக்க வேண்டியதில்லை. ‘திரி’ என்னும் நம் வினையைப் பாருங்கள். சுற்றித் திரிதல் என்பது அசைவு. பால் திரிந்தது என்றால் அது ஒன்றாக இருந்து வேறொன்றாக ஆகிவிட்டது. நன்னூலார் ‘தோன்றல் திரிதல் கெடுதல்’ என்று புணர்ச்சி விகாரங்களைச் சொல்லும்போது, ஓர் எழுத்து இன்னோர் எழுத்தாக ஆவதற்கே திரிதல் என்னும் பெயரை இடுகிறார். லிதுவேனிய மொழியிலும் இதே *வெர்த் வேரில் பிறந்த ‘விர்ஸ்தி’ என்னும் வினைக்குக் கவிழ்தல் என்றும் வேறொன்றாக மாறுதல் என்றும் பொருள் உண்டு. ஜெர்மானியம் செய்தது இன்னும் ஒரு படி மேலே: அசைவுப் பொருளை வினையிலிருந்து அடியோடு விட்டுவிட்டு, ஆதலை மட்டும் வைத்துக்கொண்டது. பழைய ‘திரும்புதல்’ ஒட்டுகளில் மட்டும் தங்கியது. திசையைக் காட்டும் ஆங்கிலச் சொற்களின் இறுதியில் வரும் ‘வர்ட்’, ஜெர்மனில் வரும் ‘வேர்ட்ஸ்’ ஆகியவை ‘அந்தப் பக்கம் திரும்பிய’ என்னும் பொருளுடையவை.

இந்த வேர் வடமொழி வழியாகத் தமிழிலும் நிறையப் புழங்குகிறது. சக்கரத்தைச் சுழலச் செய்பவன் சக்கரவர்த்தி. கைமாறிக் கைமாறித் திரும்புவது பரிவர்த்தனை. சுற்றி வந்து தொடங்கிய இடத்தைச் சேர்வது ஆவர்த்தனம். விருத்தம் என்னும் பாவின் பெயரும், ஆங்கிலத்தில் செய்யுளைக் குறிக்கும் ‘வெர்ஸ்’ என்னும் சொல்லும் ஒரே வேரின் இரண்டு கிளைகள். லத்தீனில் அது உழவன் சால் முடிவில் ஏரைத் திருப்புவதையும், அதனால் சாலையும், பின்னர் எழுத்து வரியையும் குறித்தது. எனக்கு மிகவும் பிடித்த இணை இன்னொன்று. நிகழ்காலத்துக்கு வடமொழி இலக்கணத்தார் இட்ட பெயர் வர்த்தமானம். ஜெர்மன் மொழியில் நிகழ்காலத்துக்குப் பெயர் ‘கேகன்வர்ட்’, அதாவது எதிரே திரும்பி நிற்பது. ஒருவரை ஒருவர் அறியாமல் இரண்டு மொழியாரும் ஒரே வேரிலிருந்து ஒரே காலத்துக்குப் பெயர் எடுத்திருக்கிறார்கள்.

ஆதல் என்னும் பொருளிலிருந்து இலக்கணத் தொழிலுக்குப் போவது குறுகிய வழிதான். கொல்லப்பட்டவனாக ஆனான் என்பது கொல்லப்பட்டான் என்று ஆவதற்கு அதிக நாள் பிடிக்காது. பழைய ஆங்கில ஆண்டுக்குறிப்புகளில் ‘வெயார்த் ஒஃப்ஸ்லேகென்’ என்று மன்னர்கள் வரிசையாக மடிகிறார்கள். ஜெர்மன், டச்சு ஆகிய இரண்டும் இன்றும் அந்த வழியில் நடக்கின்றன. எதிர்காலப் பொருள் ஜெர்மனில் மட்டும் பிந்தி வந்தது. ‘காண்பவன் ஆகிறான்’ என்பது போன்ற தொடர்களிலிருந்து இடைக்காலத்தின் பிற்பகுதியில் ‘காண்பான்’ என்னும் பொருள் கிளைத்தது என்பது பரவலான விளக்கம். நான் மூன்று பக்கங்களில் பிரித்து எழுதியதன் விடை இவ்வளவுதான்.

ஆங்கிலமோ இந்த வினையை முழுவதுமாக இழந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் ‘வொர்தென்’ என்று தேய்ந்து, நவீன ஆங்கிலம் தொடங்கும் காலத்துக்குள் வழக்கொழிந்தது. 1611-ஆம் ஆண்டு விவிலியத்தில் எசேக்கியேல் 30:2-இல் ‘வோ வர்த் த டே’ என்று ஒரு வரி வருகிறது. படிப்போர் பலர் அந்த ‘வர்த்’ என்பதை ‘மதிப்பு’ என்னும் சொல்லாக எண்ணித் தலையைச் சொறிகிறார்கள். அது நம் வினையின் வியங்கோள் வடிவம்: அந்த நாளுக்குக் கேடு ஆகுக. காலியான இடத்தை ‘வந்து சேர்தல்’ என்னும் பொருளுடைய ஒரு வினை பிடித்துக்கொண்டது. இன்று ஆங்கிலத்தில் ஆதலுக்குரிய ‘பிகம்’ அதுவே. அதன் உடன்பிறப்பான ஜெர்மன் ‘பெகொமன்’ என்பதோ ‘பெறுதல்’ என்னும் பொருளுக்குப் போய்விட்டது. இவற்றுக்கெல்லாம் மேலாக, இலை மஞ்சளாவதற்கும் பால் கெடுவதற்கும் இன்றைய ஆங்கிலேயர் ‘டர்ன்’ என்கிறார்கள். கடைசல் கருவியைச் சுழற்றுவதைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்த கடன் அது. சொந்தமாக இருந்த ‘திரிதலை’ ஆதலாக்கித் தொலைத்துவிட்டு, அயலார் திரிதலைக் கடன் வாங்கி, மறுபடியும் ஆதலாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்வீடிஷின் கதை இன்னும் வேடிக்கையானது. அங்கே ‘வார்ட’ என்பது பழைய நூல்களில் மட்டும் எஞ்சியிருக்கிறது. ‘ஆதல்’ என்பதற்கு இன்று அவர்கள் சொல்லும் ‘ப்ளி’, இடைக்காலத்தில் கீழ் ஜெர்மன் பேசிய வணிகர்களிடமிருந்து வந்த சொல். அதன் மூலப்பொருள் ‘மாறாமல் இருத்தல், தங்குதல்’. மாறுதலைக் குறிக்க மாறாமையைக் கடன் வாங்கிய மொழி வேறு உண்டா என்று தெரிந்தவர் சொன்னால் மகிழ்வேன்.

வினை இறந்த இடத்திலும் அதன் பெயர்ச்சொல் ஒன்று பிழைத்திருக்கிறது. *வுர்டிஸ் என்றால் ‘ஆனது, ஆகவேண்டியது’, அதாவது ஊழ். பழைய ஆங்கிலத்தில் அது ‘வுய்ர்ட்’. பேயொவுல்ஃப் காவியத்தின் நாயகன் போருக்குப் போகுமுன் ‘ஊழ் தான் செல்லவேண்டிய வழியிலேயே எப்போதும் செல்கிறது’ என்று சொல்லும் 455-ஆம் அடியில் நிற்பது அந்தச் சொல்லே. பின்னாளில் ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்து மூன்று சூனியக்காரிகளுக்கு அது அடைமொழி ஆனது. ஊழை உரைக்கும் பெண்கள் என்னும் பொருள் மங்கி, அவர்களுடைய விநோதத் தோற்றமே பொருளாகி, இன்று ஆங்கிலத்தில் ‘வியர்ட்’ என்றால் வெறுமனே ‘விசித்திரமான’ என்று ஆகிவிட்டது.

வடக்கின் தொன்மங்களில் ஊழை வகுக்கும் பெண்கள் மூவர்: உர்த், வெர்தன்டி, ஸ்குல்ட். கடைசிப் பெயர் ‘கடன், கடமை’ என்னும் பொருளுடைய வேறொரு வேரில் பிறந்தது. முதல் இருவரின் பெயர்களும் நம் வினைதான்: வெர்தன்டி என்றால் ஆகிக்கொண்டிருப்பவள், உர்த் என்பது *வுர்டிஸ் என்பதன் வகரம் உதிர்ந்த வடிவம், ஆகிமுடிந்தது. நார்ஸ் எழுத்தில் இருவர் பெயரிலும் நடுமெய் ஒன்று போலவே எழுதப்படுகிறது. ஆனால் பழைய ஆங்கிலத்தின் வெயொர்தன், வுய்ர்ட் என்னும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆகிக்கொண்டிருப்பவளின் மெய் ‘த’ என்பதும், ஆகிமுடிந்தவளின் மெய் ‘ட’ என்பதும், உர்த் என்னும் அந்தப் பெயரில் எடுத்தல் ஒருகாலத்தில் வேரை விட்டு விகுதிக்குப் போயிருந்தது என்பதும் தெரிந்துவிடுகின்றன.